கதவு கழற்றிய கூண்டு

தர்மபுரி,
5.7.1998

அன்புள்ள உங்களுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பள்ளிக்கூடம் நடக்கிற தூரம்தான். விடுதியில் நாய்க்கு இடமில்லை என்று வார்டன் முதல் நாளே சொல்லிவிட்டார். மாற்றலுக்கு மனு போட்டதை உங்களிடம் சொல்லாதது தப்புதான். சொல்லியிருந்தால் "சரி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பட்டறைக்குக் கிளம்பியிருப்பீர்கள். அதைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

நம் நாய் பூசணியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். நீங்கள் செய்துகொடுத்த கூண்டில் பகலில் இரண்டு மணி நேரம் விடுங்கள், ராத்திரி தூங்க விடுங்கள். அதற்கு மேல் வேண்டாம். ஆரம்பத்தில் நாள் முழுக்க அடைத்துவிட்டு நான் பள்ளிக்குப் போனபோது கம்பியைக் கடித்து வாயெல்லாம் ரத்தமாக்கிக்கொண்டான். அது என் தப்பு. சாப்பாட்டை உள்ளேயே வையுங்கள். கோபத்தில் ஒருநாளும் உள்ளே தள்ளாதீர்கள். அவனுக்குக் கொடுக்கிற நேரத்துக்கு நீங்களும் சாப்பிடுங்கள்.

எழில்


அடி அண்ணாமலை,
14.7.1998

எழிலுக்கு,

கடிதம் கிடைத்தது. வேலை ஜாஸ்தி. ஆசிரமம் பக்கம் ஒரு லாட்ஜுக்கு இருபது ஜன்னல் கிரில் செய்கிறேன்.

பூசணி நன்றாக இருக்கிறான். ஆனால் அந்தக் கூண்டு எனக்கு ஒப்பவில்லை. ஆசிரமத்துக்கு வந்திருந்த அந்த வெள்ளைக்கார அம்மா, அவர்கள் ஊரில் எல்லோரும் இப்படித்தான் நாயைப் பழக்குவார்கள் என்றாள், நீ கேட்டாய், நான் வெல்டிங் அடித்துக் கொடுத்தேன். திருடன் உள்ளே வரக்கூடாது என்று எத்தனையோ வீட்டுக்குக் கம்பி வைத்திருக்கிறேன். உள்ளே இருப்பவன் வெளியே போகக்கூடாது என்று செய்தது இது ஒன்றுதான்.

கிளம்பும்போது "இந்த வீட்ல எனக்கு மூச்சு முட்டுது"னு சொன்னாய். மறுநாள் காலையில் கூண்டின் கதவை வெட்டி எடுத்துவிட்டேன். எனக்குத் தெரிந்தது அதுதான். இப்போது என் கட்டிலுக்குக் கீழே படுக்கிறான். தரையெல்லாம் மூத்திரம். பரவாயில்லை, கழுவிவிடுகிறேன்.

பலராமன்


தர்மபுரி,
18.11.1998

அன்புள்ள உங்களுக்கு,

நாலு மாதமாகச் சொல்கிறேன், கதவை மாட்டுங்கள் என்று. நீங்களும் நாலு மாதமாக அவன் என்ன சாப்பிட்டான் என்று மட்டும் எழுதுகிறீர்கள்.

தீபத்துக்கு இன்னும் இரண்டு வாரம்தான். பௌர்ணமிதோறும் கிரிவலக் கூட்டம் வாசலில் போகும்போது யாரும் சொல்லாமலே அவன் கூண்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்வானே, நீங்கள் பார்த்ததே இல்லையா? அது அவனுடைய அறை. மூடியிருக்கிறது என்று தெரிந்தால்தான் அவனுக்கு நிம்மதி. வெடிச் சத்தத்தில் அவனுக்குத் திக்குத் திசை தெரியாது. விளக்கு வைப்பதற்கு முன்பே உள்ளே விட்டு, கதவைச் சாத்தி, மேலே போர்வை போட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.

மூச்சு முட்டுது என்று நான் சொன்னது என்னைப் பற்றி. நாயைப் பற்றி இல்லை.

எழில்


அடி அண்ணாமலை,
12.12.1998

எழிலுக்கு,

தீபம் நல்லபடியாக முடிந்தது. கூட்டம் போன வருஷத்தைவிட ஜாஸ்தி. நீ சொன்னபடியே கதவை மாட்டினேன், போர்வை போட்டேன், பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்சம் நடுங்கினான். கம்பிக்குள் கையை விட்டேன், விரலை நக்கினான். பிறகு தூங்கிவிட்டான்.

இரண்டு நாளாக மழை. வேலைக்குப் போகவில்லை. என் காலில் தலையை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறான், கனம் தாங்கவில்லை. நகர்ந்தால் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்க்கிறான். அதனால் நகராமல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உன் பழைய செருப்பை எங்கிருந்தோ இழுத்து வந்து முகர்கிறான், கடிப்பதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பலராமன்


தர்மபுரி,
6.1.1999

அன்புள்ள உங்களுக்கு,

தீபத்துக்கு முந்திய மாதங்களில் நாலு வரிக்கு மேல் வராது. இப்போது பக்கம் நிறைய வருகிறது. செருப்பு விஷயத்தை அறையில் இருக்கும் டீச்சருக்கும் படித்துக் காட்டினேன். "உங்க வீட்டுக்காரர் எவ்ளோ ஆசையா எழுதறாரு"னு அவர் சொன்னபோது கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். பூசணி மட்டும் இல்லாவிட்டால் நமக்குள் கடிதமே இருக்காது போலிருக்கிறது.

சனி ஞாயிறில் விடுதியே காலியாகிவிடுகிறது. எல்லோருக்கும் போக ஓர் ஊர் இருக்கிறது. நிறைய எழுதுங்கள்.

எழில்


அடி அண்ணாமலை,
3.2.1999

எழிலுக்கு,

பூசணி நன்றாகக் கொழுத்துவிட்டான். கூண்டுக்குள் திரும்பிப் படுக்க இடம் போதவில்லை, பெரிதாக ஒன்று செய்யவேண்டும். நேற்று வாசலில் ஒரு பசுங்கன்றைப் பார்த்துப் பயந்து உள்ளே ஓடிவந்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டில் சத்தமாகச் சிரித்து ரொம்ப நாளாகிறது. சாயங்காலம் பஸ் வருகிற நேரத்துக்கு இன்னமும் வாசலுக்குப் போய் நிற்கிறான். நீ வருவாய் என்று பார்க்கிறான்.

பலராமன்


தர்மபுரி,
8.3.1999

அன்புள்ள உங்களுக்கு,

பொங்கலுக்கு உங்களிடம் சொல்லாமல் கிளம்பி வந்தேன். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டிலேயே பக்கத்து வீட்டு ராணியம்மாள் என்னைப் பார்த்துவிட்டார். "நாய் போனதுலேருந்து அவரு பாதி ஆளாயிட்டாரும்மா. தீபத்தன்னைக்கு வெடிக்குப் பயந்து ஓடிச்சி. இருபது நாளா தெனம் சைக்கிள்ல மலையச் சுத்தினாரு. பேர் சொல்லிக் கூப்டுக்கினே போவாரு"னு சொன்னார்.

அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். வீட்டுக்கு வந்திருந்தால் கேட்டிருப்பேன். கேட்டிருந்தால் உங்கள் கடிதம் நின்றுபோயிருக்கும். அவன் இல்லை என்று தெரிந்தே, அவன் உங்கள் காலில் தலை வைத்துப் படுத்திருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அழுதேன், அவனுக்காக மட்டும் இல்லை.

கோபமும் இருக்கிறது. கதவை மாட்டச் சொன்னேன். அதைவிட இன்னொன்று. பதினோரு வருஷத்தில் நீங்கள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இந்தா", "தோ பாரு", அவ்வளவுதான். ஒரு நாயின் பேரை மலையைச் சுற்றிக் கூவியிருக்கிறீர்கள். உங்களுக்கு அது வரும் என்றே எனக்குத் தெரியாது.

பூசணியைப் பற்றி இனி எழுதாதீர்கள். விட்டால் அவனுக்குக் கல்யாணமே செய்துவைத்துவிடுவீர்கள். உங்களைப் பற்றி எழுதுங்கள். முடியாது என்றால் எழுதவே வேண்டாம், நான் புரிந்துகொள்கிறேன்.

எழில்


அடி அண்ணாமலை,
15.3.1999

எழில்,

காலையில் நாலு இட்லி வாங்கினேன். இரண்டுதான் இறங்கியது. பட்டறையில் வேலை செய்கிற பையன்கள் இரண்டு பேரும் லீவு. இன்று யாரிடமும் பேசவில்லை.

கதவை நான் மாட்டவே இல்லை. மாட்டினால் உன்னை மறுபடி உள்ளே வைத்து அடைக்கிற மாதிரி என்று பைத்தியக்காரத்தனமாக நினைத்தேன். முதல் வெடிக்கே அவன் கூண்டுக்குள்தான் ஓடினான். மூலையில் ஒண்டினான், கதவு இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான். அடுத்த வெடிக்கு என் காலுக்கு நடுவில் புகுந்து தெருவுக்கு ஓடிவிட்டான். அவனுக்கு நான் செய்தது துரோகம். உன்னிடம் மறைத்தது பயத்தில். நாயும் இல்லை என்றால் நீ எனக்கு எதற்கு எழுதப்போகிறாய்?

உன் பேரைச் சொல்ல எனக்குக் கூச்சம். கல்யாணமான புதிதில் ஒரு தடவை சொல்ல வந்து வாயை மூடிக்கொண்டேன், அப்படியே பழகிவிட்டது. நேற்று சாயங்காலம் வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்தேன். முதலில் சத்தம் வரவில்லை. இரண்டாவது தடவை வந்தது. ராணியம்மாள் எட்டிப் பார்த்து, "யாரக் கூப்பிடறீங்க, நாய் வந்துடுச்சா?"னு கேட்டார்.

"இல்லீங்க, எங்க வீட்டுக்காரியத்தான்"னு சொன்னேன்.

பலராமன்