மொலேஃபியின் மகன்

மொகோட்லோங் மலை
4 மார்ச் 1984

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். எல்லைக்கு அப்பால், அந்தத் தங்கச் சுரங்கத்துக்குள் நீங்களும் நலமாக இருக்க வேண்டும். ஈஸ்டருக்கும் வரவில்லை என்று எழுதியிருந்ததை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "உங்கப்பாவுக்கு அந்த ஊர்க் களி ருசிச்சிருச்சு போல" என்று சிரித்தாள். பிறகு அதே வரியை இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். தனக்குப் படிக்கத் தெரியாததை இப்போதெல்லாம் அவள் குறையாகவே நினைப்பதில்லை. மகள்தான் இருக்கிறாளே!

உங்கள் அன்பு மகள்,
கெனெவே

வெல்கொம்
2 ஏப்ரல் 1984

என் கண்ணான கெனெவேக்கு,

இந்தத் தாளை அம்மாவுக்குப் படிக்காதே. இங்கே எனக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்துவிட்டது. நினைத்து நடந்ததில்லை. பெற்றவள், அவன் பிறந்த நான்காம் மாதமே அவனை என்னிடம் விட்டுப் போய்விட்டாள். ஆண்கள் விடுதியில் குழந்தையை எப்படி வைத்துக்கொள்வது? தெரிந்த பெண் ஒருத்தி பேருந்தில் கொண்டுவருவாள். போன குளிர்காலத்தில் எங்கள் சுரங்கத்தில் பாறை விழுந்து இறந்த, மலைக்கு அப்பால் ஊர்க்காரன் மொலேஃபியின் பிள்ளை என்று அம்மாவிடம் சொல். கல்யாணம் ஆகாதவன். இது யார் பிள்ளை என்று கேட்க மனைவி இல்லை. உன்னைத்தான் நம்பியிருக்கிறேன், மகளே.

அப்பா

மொகோட்லோங் மலை
13 மே 1984

அன்புள்ள அப்பாவுக்கு,

தம்பி வந்துவிட்டான். அம்மாவிடம் நீங்கள் சொன்னபடியே சொன்னேன். அவளிடம் நான் சொன்ன முதல் பொய் இது.

அவள் அப்படியே நம்பிவிட்டாள். குழந்தை தேறும்வரை பால் புகட்டினாள். பிறகு போர்வையால் முதுகில் கட்டிக்கொண்டு, மலைக்கு அப்பால் மொலேஃபியின் பெற்றோர் வீட்டுக்கு நடந்தாள். "வேண்டாம்மா" என்றேன். "பிள்ளை அப்பன் வீட்டுக்குச் சொந்தம். அவங்களுக்குக் காட்டாம வெச்சுக்கிட்டா அது திருட்டுடி" என்றாள். அவளோடு பதினேழு வருடம் வாழ்ந்தவர், இதை எப்படி மறந்தீர்கள்?

மொலேஃபியின் அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு முற்றத்திலேயே ஆடினாளாம். "பாருங்கடி, என் பையன் மூக்கு! அந்த அவசரக்குடுக்கைத்தனமும் அவனோடதேதான்!" மாதக் கடைசியில் செம்மறி ஆடு வெட்டி, முறைப்படி அழைத்துப் போகிறார்கள்; அதுவரை அவன் எங்களோடுதான்.

அதற்குள் வந்து உண்மையைச் சொல்லிவிடுங்கள். அம்மா அழுவாள். ஒரு மாதம் உங்களோடு பேசமாட்டாள். ஆனால் அவனை வைத்துக்கொள்வாள். எனக்கு அம்மாவைத் தெரியும்.

உங்கள் மகள்,
கெனெவே

வெல்கொம்
24 மே 1984

கெனெவேக்கு,

அழைத்துப் போகட்டும். நல்ல மனிதர்கள். எனக்கு விடுமுறை இல்லை. நீ ஒன்றும் சொல்லாதே, போகப் போகச் சரியாகிவிடும்.

அப்பா

மொகோட்லோங் மலை
10 ஜூன் 1984

அப்பாவுக்கு,

அழைத்துப் போய்விட்டார்கள். ஆறுதல் என்று பொருள்படும் ட்செலிசோ என்ற பெயரை வைத்திருக்கிறார்கள். "உன் பிள்ளை வந்துட்டான்" என்று செத்துப்போன மகனிடம் சொல்வதற்காக, மொலேஃபியின் கிழட்டு அப்பா அவனைக் கல்லறை வரை தூக்கிப் போனார். அதைப் பார்த்த பிறகு என்னால் இனி யாரிடமும் உண்மையைச் சொல்ல முடியாது. அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டீர்கள்.

தண்ணீர்க் குழாயடியில் அம்மா எல்லாரிடமும் சொல்கிறாள்: "எங்க வீட்டுக்காரர் மாதிரி யாரு இருக்கா? செத்தவன் பிள்ளையைக்கூடத் தெருவுல விடலையே!" என் பக்கம் திரும்பி, "இல்லையாடி?" என்கிறாள். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டே "ஆமாம்மா" என்கிறேன்.

இனி உங்கள் கடிதங்களை நான் படிக்கப் போவதில்லை. பாடம் அதிகம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பள்ளி ஆசிரியர் படித்துக் காட்டுவார். ஒரு வரியும் விடாமல், உரக்கப் படிப்பவர். பார்த்து எழுதுங்கள்.

கெனெவே