தேய்ந்த குதி

14-8-1976, சனி. சின்னக்கானல்.

இன்று மகள் செல்வியை அநியாயமாகத் திட்டிவிட்டேன். "வாங்கி ஆறு மாசங்கூட ஆவல, அதுக்குள்ள பூட்ஸத் தேச்சுட்டியேட்டி!" வீட்டுக்காரர் அதைக் கவிழ்த்துப் பார்த்தார். "ஏட்டி, வலது பூட்ஸப் பாரு. குதில்லா தேஞ்சிருக்கு!" என்றார்.

மூளைவாதத்தால் கால் நரம்பு இறுகி, நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து நுனிக்காலிலேயே நடந்த பிள்ளை. எந்தச் செருப்பானாலும் விரல் பக்கம்தான் ஓட்டை விழும். ஆஸ்பத்திரியில் காலை நிமிர்த்திப் போட்ட மாவுக்கட்டைப் பிரித்ததிலிருந்து, தினமும் தேயிலைக் கொழுந்து பறித்து வந்த கையோடு, அவள் அழ அழப் பாதத்தை மேலே தள்ளிப் பிடித்தவள் நான். லயத்து வீடுகளில் எல்லோரும் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்றார்கள். இப்போது அந்தக் குதிகால் தரையில் ஊன்றிப் பூட்ஸைத் தேய்த்திருக்கிறது! அந்தப் பூட்ஸைத் துடைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். செல்வி சிரித்தாள்.

இடது பூட்ஸின் குதி இன்னும் புதிதாகவே இருக்கிறது. அதையும் தேய்க்கவைக்காமல் விடமாட்டேன்.