சின்சில்லாவைக் குளிப்பாட்டியது நான்தான்

என் கண்ணுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் ஆண்டவன் தயவில் நன்றாக நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், எழுதினால் பொய்யாகிவிடும். எங்களை நம்பி நீ விட்டுவிட்டுப் போன சின்சில்லாவுக்கு, முயலுக்கும் எலிக்கும் நடுவில் பஞ்சுப் பொதி மாதிரி இருக்கிற உன் செல்லத்துக்கு, உடம்பு சரியில்லை, காரணம் நான்தான். போனில் சொல்லத் தைரியம் இல்லை, அதனால்தான் கடிதம்.

அப்பா அதை மாப்பிள்ளை என்று கூப்பிடுவது உனக்குத் தெரியும், பகலெல்லாம் தூக்கம், எழுந்தால் சாப்பாடு, போதாததற்கு மீசை வேறு, இதைவிட மாப்பிள்ளைக்கு என்ன லட்சணம் வேண்டும் என்பார். நீ எழுதி ஒட்டிய தாள் இன்னும் கூண்டின் மேலேயே இருக்கிறது, வாரத்துக்கு மூன்று நாள் தூள் குளியல், தண்ணீர் மட்டும் படவே கூடாது என்று அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறாய். படிக்கவில்லை என்று நான் தப்பிக்க முடியாது, பள்ளிக்கூடம் போகாமலே எழுத்துக்கூட்டிப் படித்தவள், அதைப் பத்துத் தடவையாவது படித்திருப்பேன். ஆனால் அது தூளில் புரண்டு உதறுகிறபோது அந்தச் சாம்பல் தூசி பறந்து, நான் துடைத்துவைத்த கும்பிடுகிற அலமாரியில் போய்ப் படியும். குளிக்காத ஜீவன் ஒன்று வீட்டில் திரிகிறதே என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அப்பா வேலைக்குப் போயிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு தடவைதானே, வெதுவெதுப்பான தண்ணீர்தானே என்று வாளியில் இறக்கிவிட்டேன். என்னுடைய ஷாம்பு வேறு போட்டேன். அது கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. திமிறியது, முதுகைப் பிடித்தேன், பிடித்த இடத்தில் முடி கொத்தாக என் கையோடு வந்துவிட்டது. பயந்துபோய்த் துண்டால் துடைத்துக் கூண்டில் விட்டேன், மேலே காய்ந்த மாதிரிதான் தெரிந்தது.

பத்து நாளில் மூக்கைச் சுற்றியும் கண்ணோரத்திலும் முன்னங்காலிலும் வட்டவட்டமாக முடி கொட்டி, தோல் செதில் செதிலாக உரிந்தது. மாமனாரைப் பார்த்து மாப்பிள்ளைக்கும் வழுக்கை விழுகிறது என்று அப்பா தன் தலையைத் தடவிச் சிரித்தார், நானும் கூடச் சிரித்தேன், பாவி. நீ வீடியோவில் காட்டச் சொன்னபோதெல்லாம் தூங்குகிறது என்றேன். செலவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதியிருக்கிறேன், மொத்தம் ஏழு பொய். ஏழாவதைச் சொல்லிவிட்டுக் கும்பிடப் போய் நின்றால் ஒரு வார்த்தை எழும்பவில்லை. அதற்குள் என் மணிக்கட்டிலும் வட்டமாகச் சிவந்து அரிக்க ஆரம்பித்தது. கூண்டோடு மிருக டாக்டரம்மாவிடம் போனோம். அவர்கள் அதைப் பார்த்தார்கள், என் கையைப் பார்த்தார்கள், தண்ணீரில் குளிப்பாட்டினீர்களா என்று கேட்டார்கள். அப்பா இல்லவே இல்லை என்றார். நான் ஆமாம் என்றேன். ஒரு துளையிலிருந்தே அறுபது முடி வரை முளைக்குமாம், அவ்வளவு அடர்த்தியில் உள்ளே போன ஈரம் லேசில் காயாதாம், பூஞ்சை பிடித்துவிட்டதாம், அதுதான் எனக்கும் ஒட்டிக்கொண்டதாம். வீடு திரும்பி வாசலில் செருப்பைக் கழற்றும்போது அப்பா, மாமியாருக்கும் மருமகனுக்கும் ஒரே வியாதி, நல்ல பொருத்தம் என்றார். எனக்கு அழுகைதான் வந்தது.

இப்போது இரண்டு வேளையும் மருந்து தடவுகிறோம், குளியல் தூளிலும் மருந்துப் பொடி கலக்கிறோம், உயிருக்குப் பயமில்லை, முடி முளைக்க மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். அலமாரியில் தூசி படிந்தால் படியட்டும், துடைத்துக்கொள்கிறேன். ஆனால் நான் கையை நீட்டினால் மூலைக்குப் போய் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, அப்பா கையில் மட்டும்தான் ஏறுகிறது. அதைச் சொல்லிக் குற்றமில்லை. கையோடு வந்த முடியை நோட்டுக்குள் மடித்துவைத்திருந்தேன், அதிலும் பூஞ்சை இருக்கும் என்று டாக்டரம்மா எரிக்கச் சொன்னார்கள், எரித்துவிட்டேன். அந்த ஏழு தேதிகளை மட்டும் கிழிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குச் சாயங்காலமாக இருக்கும்போது கூப்பிடு, அது விழித்திருக்கும் நேரம், தூங்குகிறது என்று சொல்ல எனக்கு வழியிருக்காது. இருக்கிறபடியே காட்டுகிறேன். பார்த்தவுடன் பரவாயில்லை அம்மா என்று சொல்லிவிடாதே, உனக்கு அந்தக் குணம் உண்டு. நாலு வார்த்தை திட்டு, அப்புறம் பேசு. ஆண்டவன் உன்னை நோய்நொடி இல்லாமல் நெடுங்காலம் வைத்திருக்கட்டும். தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வேலைக்கு ஓடாதே. மேலே காய்ந்தால் போதாது, அடிவரைக்கும் விரலை விட்டுப் பார்.

இப்படிக்கு,
உன் திட்டுக்குக் காத்திருக்கும்
அம்மா