பத்து நாள் முன்னே போட்ட ஊசி

ஏப்ரல் 9

வெர்லின் அண்ணன் இன்றைக்கும் என் கிடேரிகளை ஊசி போடும் கூண்டுக்கு ஓட்டவில்லை. காற்று அடிக்கிறதாம். நெப்ராஸ்காவின் இந்த மணல்மேட்டில் காற்று அடிக்காத நாள் எது?

அப்பா விட்டுப்போன இருபத்து நான்கும் என்னுடையவை. மேய்ச்சல் நிலம், கூண்டு, காளை விடும் தேதி எல்லாம் அவனுடையவை. அவன் மாடுகளுக்குக் கன்றிலிருந்தே தடுப்பூசி உண்டு. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்ததால் என்னுடையவற்றுக்கு ஒன்றுகூடப் போடவில்லை. சினை நின்றால் என்னோடு இருக்கும், நிற்காவிட்டால் கறிக்கு. அதுதான் பேச்சு.

ஏப்ரல் 27

மாட்டு டாக்டர் கோஸல் அம்மாவிடம் தடுப்பூசியைப் பற்றிக் கேட்டேன். "அது உயிருள்ள கிருமி மருந்து, ட்வைலா. உன் மாடு ஊசியே பாக்காதது. காளை விடுறதுக்கு ஒரு மாசமாவது முன்னாடி போட்டுடு. கிட்டத்துல போட்டா சினைப்பையைக் கெடுத்துடும்."

ஜூன் ஒன்றாம் தேதி காளை. அண்ணனிடம் சொன்னேன். தலையாட்டினான். புகையிலைச் சாற்றை என் காப்பிக் கோப்பையில் துப்பினான். நான்தான் கழுவினேன். சீ.

மே 3

போடவில்லை.

மே 12

செத்த கிருமி மருந்தும் இருக்கிறதாம், டாக்டர் சொன்னார். அது சினைப்பையைத் தொடாது, ஆனால் இரண்டு தடவை போட வேண்டும்.

"ரெண்டு தடவை ஓட்டுறதுக்கு எனக்கென்ன வேற வேலை இல்லையா?" என்றான் அண்ணன். " கன்னுக்கு அடையாளச் சூடு போடுற அன்னிக்கு எல்லாரும் வர்றாங்க. அதோட இதையும் முடிச்சிடலாம்."

"அது இருபத்திரண்டாம் தேதிண்ணா! அப்போ காளையையாவது கொஞ்ச நாள் கழிச்சு விடு."

"கன்னு மார்ச்சுலயே விழணும். காளையும் ஒரு மாசம்தான் உள்ள இருக்கும். அவ்ளோதான்."

சூடு போடும் நாளை மாற்ற முடியாது என்பது எனக்கும் தெரியும். பதினொரு வீட்டுக்காரர்கள் முறை வைத்துக்கொண்டு ஒருவர் கன்றுக்கு மற்றவர் வருகிறார்கள். முறையைக் கலைத்தவனுக்கு மறு வருஷம் கயிறு பிடிக்க ஆள் வராது. சரி, கன்றுக்கு நாள் மாற வேண்டாம். கிடேரிக்கும் அதே நாள்தான் என்று எந்த மடையன் விதித்தான்?

மே 22

போட்டேன். நானேதான் போட்டேன்.

கன்று வேலை முடிந்ததும் அண்ணன் என் கிடேரிகளை ஓட்டி வந்துவிட்டான். வேண்டாம் என்றேன். பக்கத்துப் பண்ணை ஆர்வல் ஸ்டெங்கர், மாட்டை இறுக்கிப் பிடிக்கும் கூண்டுப் பிடியில் கை வைத்தபடி நின்றார். மற்றவர்கள் வேலியில் சாய்ந்துகொண்டு பார்த்தார்கள்.

"என்னம்மா, மாட்டுக்கு ஜாதகம் பாத்துட்டுத்தான் குத்துவியா? பசிக்குது!" என்று யாரோ கத்த, எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குத்தான் பயந்தேன். இவ்வளவு பேர் இலவசமாக உழைக்க வந்திருக்கும்போது நான் மட்டும் முரண்டு பிடிப்பதா என்று — தூ! என்ன பிறவி நான்? அந்த உயிருள்ள மருந்தையே இருபத்து நான்கு கழுத்திலும் குத்தினேன்.

பிறகு அவர்களுக்கு வறுத்த மாட்டுக்கறியும் பீன்ஸும் பரிமாறினேன். கையில் தீய்ந்த மயிர் நாற்றம், மூன்று முறை சோப்பு போட்டும் போகவில்லை. நான் சாப்பிடவில்லை.

ஜூன் 1

காளை உள்ளே. ஆர்வலிடம் வாடகைக்கு வாங்கியது. நல்ல காளை, பாவம்.

ஜூன் 24

மூன்று வாரத்துக்கு முன் காளை ஏறிய கிடேரிகள் திரும்பவும் பருவத்துக்கு வந்து கத்துகின்றன. சினை பிடிக்கவில்லை. எத்தனை என்று எண்ணாமல் வந்துவிட்டேன்.

செப்டம்பர் 26

டாக்டர் தோள்வரை உறை மாட்டிக்கொண்டு சினை பார்த்தார். இல்லை. இல்லை. இருக்கு. இல்லை. இல்லை. கடைசியில் ஏழு. இருபத்து நான்கில் ஏழு!

அண்ணன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. உதவிக்கு வந்திருந்த ஆர்வலைப் பார்த்து, "உன் காளை மலடு போலிருக்கேப்பா" என்றான். அந்த மனுஷன் முகம் செத்துவிட்டது. இந்தப் பேச்சு வெளியே போனால் அவர் காளையை இனி யார் கேட்பார்கள்?

"ஊசி எப்ப போட்டீங்க?" என்றார் டாக்டர்.

"ஏப்ரல்ல" என்றான் அண்ணன். கூசாமல்.

"பொய். மே இருபத்திரண்டு. போட்டது நானு. நீங்கதான் கூண்டைப் புடிச்சீங்க ஆர்வல், ஞாபகம் இல்லையா? காளைக்கு ஒரு குறையும் இல்ல."

அண்ணன் லாரியில் ஏறிப் போய்விட்டான்.

அக்டோபர் 8

பதினேழும் கறிக்குப் போயின. நெற்றியில் வெள்ளைத் திட்டு உள்ள கிடேரி லாரியில் ஏற மாட்டேன் என்றது. அதை ஏற்ற நானே பின்னாலிருந்து தள்ளினேன்.

டிசம்பர் 25

அண்ணன் வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை.

ஏப்ரல் 14

காலையில் கூண்டுப் பக்கம் சத்தம். போனால் அண்ணன், தன் நாற்பது கிடேரிகளோடு. சூடு போட இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அக்கம்பக்கத்தார் யாரும் இல்லை. காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது.

"தனியா முடியல. கொஞ்சம் வர்றியா?" என்றான்.

என்னுடைய பதினேழு போன பிறகு இவனுக்கு நாள் பார்க்கத் தெரிந்துவிட்டது. ஆனாலும் போனேன். மாடு என்ன பாவம் செய்தது? ஊசியை என்னிடம் நீட்டினான்.

"நீயே போடு" என்றேன்.

நாள் முழுக்கக் கூண்டுப் பிடியை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் நாற்பதுக்கும் தன் கையாலேயே போட்டான்.