முக்கால் என்று சொல்லாத செவி

ஜூலை 7, 2025, திங்கள்

இன்றும் ‘மூன்று நான்கு’ என்றுதான் வாசித்தது. பாடத்தில் 3/4 வந்தால் ‘முக்கால்’ என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. தானும் பார்வையில்லாதவர், பார்வையில்லாத பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்தும் அடைக்கலமேரி டீச்சர் வெள்ளிக்கிழமை வாங்கிப்போக வருகிறார். ‘செவி’ என்ற இந்த வாசிப்புக் கருவியை இப்போது எழுதுவது கோபிநாத், சோதிப்பது நான். அவனுடைய மூன்று மாதத் தற்காலிக வேலையும் வெள்ளியோடு முடிகிறது. நிரந்தரமாவது என் அறிக்கையைப் பொறுத்தது.

"இன்ஸ்டால் பண்ண வேணாங்க்கா. என் ஃபோல்டர்லேருந்தே ஓட்டிப் பாருங்க" என்றான். பதினோரு வருடமாகச் சோதிக்கிறேன். எனக்கே பாடமா?

ஜூலை 8

மூன்று நான்கு.

ஜூலை 9

மூன்றாவது தடவையாக மாற்றி எழுதிக் கொடுத்தான். அதே கதை. "எங்கிட்ட சரியாத்தாங்க்கா சொல்லுது" என்றான். எல்லாரும் சொல்வதுதான். எங்கள் மேலாளர் சந்திரசேகர் சாருக்கு அறிக்கை எழுதிவிட்டேன்: திருத்தத் தெரியவில்லை.

ஜூலை 11

டீச்சரிடம் ஒரு வாரம் தவணை கேட்டோம். கோபிநாத் ஆபீஸ் சாவியைக் கொடுத்துவிட்டு, "வாரேங்க்கா" என்றான். திரையைப் பார்த்தபடியே தலையாட்டினேன்.

ஜூலை 12

அவன் வேலையை நானே எடுத்தேன். எங்கே சிக்குகிறது என்று பார்க்க, 3/4 வந்தால் ‘பூசணிக்காய்’ என்று சொல்லும்படி மாற்றி ஓட்டினேன்.

மூன்று நான்கு என்றது.

பூசணிக்காய் எங்கே போனது? நான் ‘செவி’ என்று பெயரை மட்டும் தட்டியிருக்கிறேன். அப்படித் தட்டினால், போன வருடம் இன்ஸ்டால் செய்த பழைய செவிதான் ஓடும். புதியது ஓட வேண்டுமென்றால் அது இருக்கும் ஃபோல்டரையும் சேர்த்துத் தட்ட வேண்டும். அவன் அதைத்தானே சொன்னான்.

திங்கட்கிழமை அவன் கொடுத்ததை ஃபோல்டரிலிருந்து ஓட்டினேன். முக்கால் என்றது.

முதல் நாளே சரியாக இருந்திருக்கிறது. என்ன காரியம் பண்ணிட்டேன் — ஒரு பையன் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டேனே.

ஜூலை 13

அவன் போனை எடுக்கவில்லை. அவன் ஊரான அன்னவாசலுக்குப் பஸ் ஏறினேன். அவன் வீட்டு வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். அவன் திட்டியிருந்தால் தேவலை.

"எனக்கு இந்த வேலை வராதுன்னு நானே முடிவு பண்ணிட்டேங்க்கா" என்றான். நாளைக்கு வா என்றேன். "பாக்குறேன்" என்றான்.

ஜூலை 14

எல்லார் முன்னாலும் சாரிடம் சொன்னேன். "நீயாம்மா?" என்றார். அவனை அவரே போனில் கூப்பிட்டுப் பேசினார். அவன் வரவில்லை.

ஜூலை 16

வந்தான். வேலையைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜூலை 18, வெள்ளி

டீச்சரின் பள்ளிக் கணினியில் எதையும் இன்ஸ்டால் செய்ய அனுமதி இல்லை. பென் டிரைவிலிருந்தே ஓட வேண்டும். ஓட்டிக் காட்டினோம். செவி முதலில், "ஜூலை பதினேழில் உருவான செவி, பென் டிரைவிலிருந்து பேசுகிறேன்" என்றது. நேற்று ராத்திரி அவன் சேர்த்திருக்கிறான்; அதை நான் கேட்பது இதுவே முதல் தடவை. பிறகு முக்கால் என்றது.

"எது ஓடுதுன்னு எங்களால பாக்க முடியாதுல்ல. எனக்காகவா சேத்தீங்க தம்பி?" என்றார் டீச்சர்.

"ஒங்களுக்கும்தான் டீச்சர்" என்றான் கோபிநாத்.