நாமும் நாங்களும்

என்னங்க,

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைப்பது என்று முடிவெடுத்தபோது, கணக்கு என் பங்கு, இலக்கணம் உங்கள் பங்கு. இப்போது இரண்டும் என் தலையில்.

இரண்டு இலக்கணப் புத்தகங்கள் வாங்கியிருக்கிறேன். நீங்கள் சட்டைகளை எடுத்துக்கொண்டு போன தட்டு சும்மாத்தானே கிடக்கிறது, அதில் வைத்திருக்கிறேன். ஒன்று செங்கல் கனம். திறந்ததுமே நம் மகள் கொட்டாவி விட்டாள். மற்றது ஒல்லி, பக்கத்துக்கு ஒரு விதி, ஒரு பயிற்சி, அவ்வளவுதான். எது அவளுக்குச் சரிப்படும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒல்லியில் நேற்று ஒரு பாடம் நடத்திப் பார்த்தேன். கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் 'நாம்', அவரை விட்டுவிட்டுச் சொன்னால் 'நாங்கள்'. அப்பாவிடம் சொல்வதுபோல் ஒரு வாக்கியம் எழுதச் சொன்னேன். 'அப்பா, மழை விட்டதும் நாங்கள் கடலுக்குப் போவோம்' என்று எழுதினாள்.

"அப்பாகிட்டதானேடி சொல்றே? 'நாம்'னு வரணும்" என்று சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

"அப்பாதான் வரமாட்டாரேம்மா. அப்போ 'நாங்கள்'தானே சரி?"

சரிதான். டிக் அடித்தேன். தாளை வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் பார்த்தேன்: முதலில் 'நாம்' என்றுதான் எழுதியிருக்கிறாள். ரப்பரால் அழுத்தி அழித்ததில் தாள் அங்கே நைந்துபோயிருக்கிறது.

ஒல்லிப் புத்தகமே போதும் என்று நினைக்கிறேன். சட்டென்று புரிந்துகொள்கிறாள்.

வேறொன்றும் விசேஷமில்லை. நாங்கள் நன்றாக இருக்கிறோம். இந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துவிட்டேன், இலக்கணப்படி பிழையில்லை.

உங்கள் மகளின் அம்மா