எரியாத விளக்கும் ரங்கூன் கப்பலும்

என் அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் காவல் இருந்த புதுவைக் கலங்கரை விளக்கு இப்போது எரிவதில்லை. யுத்தம், அப்பா. கரையில் வெளிச்சம் தெரியக்கூடாது என்று உத்தரவு. நீங்கள் போன பிறகு உங்கள் வேலைக்கு வந்த அண்ணன்தான் தன் கையாலேயே அணைத்தான்.

உங்கள் மாப்பிள்ளை ரங்கூனில் கப்பலேறிவிட்டதாகத் தந்தி வந்தது. அப்புறம் ஒரு சேதியும் இல்லை. பாப்பாவுக்குப் பல் முளைக்கிறது. தோளில் போட்டுக்கொண்டு இந்தத் திண்டிவனம் வீட்டுக்குள்ளேயே நடக்கிறேன். தன் அப்பா முகத்தை அவள் இன்னும் பார்த்ததில்லை. கப்பல் கரை தெரியாமல் மணல்திட்டில் ஏறிவிட்டால்?

போன வாரம் பொறுக்கமாட்டாமல், அவளையும் தூக்கிக்கொண்டு அண்ணனிடம் போனேன். கரியில் ஓடும் பஸ், கிளியனூர் தாண்டி நின்றுவிட்டது. மறுபடி கிளம்புவதற்குள் உயிர் போய்விட்டது.

விளக்குக் கூண்டின் உச்சியில் அண்ணன் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தான். எரியாத விளக்குக்கு!

“ஒரே ஒரு ராத்திரி ஏத்துண்ணா. உன் மச்சான் வர்றாரு.”

“காலேஜு படிச்ச பொண்ணாச்சே நீ. மச்சான் கண்ணுக்குத் தெரிஞ்சி, ஜப்பான்காரன் கண்ணுக்குத் தெரியாத விளக்கு இருந்தா சொல்லு. ஜல்தியா ஏத்தறேன்.”

“உனக்கு உத்தியோகம்தான் பெரிசு!” என்று கத்தினேன்.

அவன் திருப்பிக் கத்தவில்லை. “விளக்கு எரிஞ்சா அந்தக் கப்பலுந்தாம்மா அவன் கண்ணுல படும்,” என்றான். பிறகு கையிலிருந்த துணியை நீட்டினான். “உப்பு படிஞ்சிக்கினே கீது. கீழ்ப்பக்கம் நீ துடை. எப்ப ஏத்தச் சொல்லுவாங்களோ, யாருக்குத் தெரியும்?”

அம்மாவின் பழம்புடவைக் கிழிசல் அது. புதுத்துணி கண்ணாடியைக் கீறும் என்று, வீட்டுப் பெண்களின் நைந்த புடவைகளை நீங்கள் எடுத்துப்போவீர்களே, அந்த வழக்கம் இன்னும் மாறவில்லை. பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டே துடைத்தேன்.

இறங்கி வந்தபோது அண்ணி சொன்னாள்: “தந்தி வந்ததுலேர்ந்து உங்கண்ணன் வீட்ல படுக்கறதே இல்ல. இருட்டுல மேலயே குந்திக்கினு கடலைப் பாத்துக்கினு கீறாரு.”

இதை ஏன் அவன் என்னிடம் சொல்லவில்லை?

யாருடைய கப்பல் என்று கேட்டா நீங்கள் விளக்கேற்றினீர்கள்? இன்றைக்கு நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? யோசித்து யோசித்து அலுத்துவிட்டேன், அப்பா.

அண்ணனை இனி ஏற்றச் சொல்லமாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. அவர் கப்பல் பகலில் வரட்டும் என்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன். நம் வீட்டில் இதுவரை யாரும் இப்படி வேண்டியதில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

விளக்குக்காரர் மகள்,
சரசு